நீதிபதி கேட்டது ஒன்று, நான் நீட்டியது கை

என் வாழ்க்கையில் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் எனக்காகக் கைதட்டியது ஒரே ஒரு முறைதான். எதற்குத் தட்டுகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஜன்னல் வழியாகக் குதித்திருப்பேன். (முதல் மாடிதான். கை கால் முறிந்திருக்கும், மானம் மிஞ்சியிருக்கும்.)

அப்போது நான் புதுச்சேரி நீதிமன்றத்தில் இரண்டு வருட ஜூனியர். இரண்டு வருடத்தில் நான் நீதிபதிகள் முன்னால் பேசிய மொத்த சட்டமும் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: “சீனியர் வந்துக்கிட்டே இருக்காரு மேடம்.” இதை நான் பலவிதமாகச் சொல்வேன். பணிவாக, பதற்றமாக, சில சமயம் வாசலைப் பார்த்தபடி நம்பிக்கையோடு. கல்யாணமாகி ஆறு மாதமே ஆகியிருந்ததால் என் மனைவி செல்வி மட்டும் என்னைப் பெரிய வக்கீல் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையும் கைதட்டல் வாங்கிய அன்றோடு முடிந்தது.

சம்பவத்தன்று காலை வக்கீல்களின் வாட்சப் குழுவில் அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. மதியம் இரண்டு மணிக்கு நீதிமன்ற வளாகத்தில் ரத்த தான முகாம் என்றது ஒன்று. புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் நீதிபதி அம்மா மதியம் இரண்டு மணிக்கு முதல் மாடி ஹாலில் வக்கீல்களைச் சந்திக்கிறார் என்றது மற்றொன்று. நான் பஸ்ஸில் தொங்கியபடி இரண்டையும் படித்தேன். இறங்கும்போது என் தலைக்குள் அவை ஒரே செய்தியாகிவிட்டிருந்தன: முதல் மாடி ஹாலில் ரத்த தான முகாம், நீதிபதி அம்மாவும் வருகிறார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ரத்தம் கொடுக்கிறவர்கள் பட்டியலில் என் பேரையும் குழுவிலேயே போட்டுவிட்டேன். சட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியாதே தவிர, ரத்தம் கொடுப்பதில் நான் கரைகண்டவன். கல்லூரியில் மட்டும் ஏழு முறை கொடுத்திருக்கிறேன். உடன் படித்தவர்கள் வாதாடும் போட்டியில் பரிசு வாங்கினார்கள் என்றால், நான் ரத்த வங்கியில் சான்றிதழ் வாங்கினேன். கடைசியில் ஒரு நீதிபதி முன்னால் என் திறமையைக் காட்ட வாய்ப்பு வந்திருக்கிறது என்று மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டேன். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் கூடாது அல்லவா? அதனால் பதினைந்து நிமிடம் தாமதமாகத்தான் ஹாலுக்குள் நுழைந்தேன்.

நீதிபதி அம்மா பேசிக்கொண்டிருந்தார். கண்டிப்பான முகம், மெல்லிய குரல். அறுபது பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கட்டில் எதையும் காணோம். பக்கத்து அறையில் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

“வெளிய வரிசையில நிக்கிறவங்களப் பாத்துட்டுதான நீங்க உள்ள வர்றீங்க? காசு குடுத்து வாங்குற சக்தி அவங்களுக்குக் கிடையாது. குடுக்கக்கூடிய நிலைமையில நீங்க இருக்கீங்க. ஆனா யாரும் முன்வர மாட்டேங்கறீங்க. உங்கள அதட்டி வாங்க எனக்கு இஷ்டமில்ல. நான் என்ன செஞ்சா நீங்களா வருவீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

முன்வரிசையில் இருந்த அந்துவான் சார் மெதுவாக எழுந்தார். எங்கள் கோர்ட்டின் பெரிய சிவில் வக்கீல்களில் ஒருவர். பழைய பிரெஞ்சுக் குடும்பத்துக்காரர். யாராவது வழிவிட்டால்கூட ‘மெர்சி’ என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்.

“மனசு இருக்கு மேடம். ஆனா ஒருதடவ ஒத்துக்கிட்டா அப்பறம் நம்மள விட மாட்டாங்க. திரும்பத் திரும்ப நம்மகிட்டயே வருவாங்க. நாள் பூரா போயிடுது. இந்த வயசுல ஒடம்பு தாங்கல.”

எனக்கு ரத்தம் கொதித்தது. (கொடுக்கப்போகிற ரத்தம் வேறு.) பத்து நிமிட வேலைக்கு நாள் பூராவும் போய்விடுகிறதாமே! எழுந்து நின்றுவிட்டேன்.

“மேடம், என் பேரு குமரவேல். ரெண்டு வருஷம் பிராக்டிஸ். ஒரே ஆளுகிட்ட திரும்பத் திரும்ப எடுக்கறது தப்பு மேடம். ஒருதடவ குடுத்தா அப்பறம் மூணு மாசம் அவரத் தொடவே கூடாது. அதுக்குள்ள தானா ஊறிடும்.”

“எது ஊறிடும்?” என்றார் நீதிபதி.

“எல்லாமே மேடம். தெம்பு.”

அவர் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். ஒரு நீதிபதி நான் சொன்னதை எழுதிக்கொள்வது அதுவே முதல் முறை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“ரெண்டாவது மேடம், குடுக்க வர்றவங்கள காக்க வைக்கக் கூடாது. காத்திருக்கக் காத்திருக்கத்தான் பயமே வரும். மொதல்ல கூப்புட்டு மொதல்ல முடிச்சு அனுப்பிடணும். அப்பறம், புதுசா வர்றவங்க பக்கத்துல ஏற்கெனவே குடுத்த ஒருத்தர் நிக்கணும். நான் மொதத் தடவ குடுத்தப்ப மயக்கம் போட்டு விழுந்துட்டேன்.”

ஹாலில் லேசாகச் சிரிப்பு. “கோர்ட்லயா?” என்று கேட்டார் நீதிபதி.

“இல்ல மேடம், காலேஜ்ல. அப்பறம் பொருத்தம் பாக்கணும். பொருந்தாதத ஏத்துனா வாங்குறவன் பாடு அவ்வளவுதான். அறுபத்தஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்கள விட்டுடலாம்.” (முன்வரிசையிலிருந்து “கரெக்ட், கரெக்ட்” என்று குரல்கள்.) “முடிஞ்சதும் போன்னு தொரத்தாம ஒரு டம்ளர் ஜூஸும் ரெண்டு பிஸ்கட்டும் குடுக்கணும். அது ஒரு மரியாத. கடைசியா ஒண்ணு மேடம். நாம குடுக்கறது யாருக்குப் போகுதுன்னு பாக்கவே கூடாது. என்ன சாதி, என்ன மதம், நல்லவனா கெட்டவனான்னு கேக்கக் கூடாது. ஜெயில்ல இருக்கறவனுக்குப் போனாலும் போகட்டும். அவனும் உயிர்தான?”

அப்போதுதான் அந்தக் கைதட்டல். அந்துவான் சாரே திரும்பிப் பார்த்துத் தட்டினார். எனக்குப் பெருமையோடு சின்னக் குழப்பமும் வந்தது. ரத்த தானத்துக்கு இவ்வளவு உருகுகிற கூட்டமா இது?

“இவ்வளவு சொல்றீங்க. நீங்க குடுப்பீங்களா?” என்றார் நீதிபதி.

“இப்பவே ரெடி மேடம். நல்லா சாப்புட்டுதான் வந்திருக்கேன்.”

விறுவிறுவென்று முன்னால் போனேன். கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினேன். உள்ளங்கை மேலே பார்க்க, நரம்பு நன்றாகத் தெரிய, கையை மேசைக்கு மேலாக நீட்டினேன்.

நீதிபதி என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார். அப்புறம் மேசையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டிய கையின் மேல் வைத்தார்.

“ரொம்ப சந்தோஷம் குமரவேல். மொத ஆள் நீங்கதான்.”

ரத்தம் கொடுக்க இருபது பக்கத்துக்கு ஒப்புதல் படிவமா என்று நினைத்தேன். மேசைக்குப் பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் குனிந்து, “எங்கண்ணே படுக்கணும்?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “படுக்கறதெல்லாம் இங்க முடியாது சார். அந்தம்மா வெளிய நிக்குது. போய்ப் பேசுங்க.”

எந்த அம்மா? டாக்டரம்மாவா? கட்டைத் தூக்கிக்கொண்டு, சுருட்டிய கையோடு வெளியே வந்தேன். மாடிப்படியில் என் நண்பன் இஸ்மாயில் ஏறி வந்துகொண்டிருந்தான். நகரத்தில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை நடத்தும் குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டம் படித்தவன். அவன் முழங்கையில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கையில் ஜூஸ் பாக்கெட்.

“எங்கடா போன? கீழ உன் பேர மூணு தடவ கூப்புட்டாங்க” என்றான்.

“கீழயா? முகாம் கீழயா நடக்குது? அப்ப மேல நடந்தது என்ன?”

“இல்லாதவங்களுக்குக் காசு வாங்காம கேஸ் நடத்தச் சொல்லி மேடம் கூட்டம் போட்டாங்களே, தெரியாது?”

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் பேசியது முழுவதையும் அவனிடம் ஒப்பித்தேன். ‘தானா ஊறிடும்’ என்ற இடத்தில் இஸ்மாயில் சுவரைப் பிடித்துக்கொண்டான். கையை நீட்டிய இடத்தில் ஜூஸ் அவன் மூக்கு வழியாக வந்தது. முதல் முறை ரத்தம் கொடுத்தபோது வந்த அதே மயக்கம் எனக்கு அப்போது, ஒரு சொட்டும் கொடுக்காமலே வந்தது.

திரும்பப் போய் உண்மையைச் சொல்லி, கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்து எழுந்தேன். அதற்குள் ஒரு பெண் வந்து எதிரில் நின்றார். நாற்பது வயதிருக்கும். தொழிற்சாலைச் சீருடைக்கு மேல் துப்பட்டா போட்டிருந்தார்.

“நீங்கதான் என் வக்கீலுன்னு சொன்னாங்க சார். எம்பேரு அஞ்சல.”

அஞ்சலை அக்கா சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். கணவர் இறந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகளோடு கணவர் கட்டிய வீட்டில் இருந்தார். அந்த வீடு தன்னுடையது என்று கணவரின் அண்ணன் வழக்குப் போட்டிருந்தார். வாய்தா நாட்களில் இவரால் ஷிப்டை விட்டுவிட்டு வர முடியவில்லை. வராதவர் பக்கத்தைக் கேட்காமலே கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, தன் பக்கத்தையும் கேட்கச் சொல்லி மனுப் போட வேண்டும். அதற்கு இருக்கும் முப்பது நாளில் பதினெட்டு நாள் போய்விட்டிருந்தது.

“எனக்கு யாரையும் தெரியாது சார். மேடமே ஒரு ஆளக் குடுக்கறேன்னாங்க. நல்லா பேசற ஆளுன்னு சொன்னாங்க” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். நான் ஆள் மாறி வந்தவன் என்று சொல்ல நினைத்துத்தான் திறந்தேன். “உக்காருங்கக்கா, மொதல்லேர்ந்து சொல்லுங்க” என்று வாய் சொன்னது. எனக்கும் என் வாய்க்கும் அன்று காலையிலிருந்தே தொடர்பு இல்லை.

அன்று சாயங்காலம் செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “மெய்யாலுமே உங்களுக்குக் கேஸ் நடத்தத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இஸ்மாயிலின் சிரிப்பு தேவலை.

மறுநாள் கோர்ட் அறிவிப்புப் பலகையில் நீதிபதியின் கையெழுத்தோடு ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டணமில்லாத வழக்குகளை வக்கீல்கள் முறை வைத்து எடுக்க வேண்டும். ஒருமுறை எடுத்தவருக்கு மூன்று மாத ஓய்வு. அத்தகைய வழக்குகள் காலையில் முதலில் அழைக்கப்படும். புதியவருக்குத் துணையாக இன்னொரு வக்கீல். சிவில், கிரிமினல் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல். முடித்துக் கொடுத்தவர்களுக்கு நீதிபதியின் அறையில் ஜூஸ், பிஸ்கட். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. துணை, இஸ்மாயில். (அவன் என்னைவிட ஒரே ஒரு வாய்தா அதிகம் பார்த்தவன்.)

பத்து நாள் தூங்காமல் படித்தோம். மனுவை ஒன்பது முறை மாற்றி எழுதினோம். ஒருவழியாகக் கெடுவுக்குள் தாக்கல் செய்து, விசாரணைக்கு ஒரு வெள்ளிக்கிழமை நாள் வாங்கினோம். அஞ்சலை அக்கா இந்த முறையும் வராமல் போய்விடுவாரோ என்று எனக்கு ஒரே பயம். “நாளைக்கு லேட்டாவாதீங்கக்கா, லேட்டாவாதீங்கக்கா” என்று போன் மேல் போன் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் நிதானமாகக் கிளம்பினேன். எங்கள் வீடு அரியாங்குப்பத்தில். எங்கள் வாய்தா எல்லாம் பன்னிரண்டு மணிக்குக் குறைந்து கூப்பிடமாட்டார்கள் என்பது இரண்டு வருட அனுபவம். அரியாங்குப்பம் பாலத்தில் ஏறியதும் வண்டிகள் நின்றன. நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போகிற வெளியூர்க் கார்கள் எதிர்ப்பக்கம் மொத்தமும் அடைத்துக்கொண்டு, நம் பக்கத்திலும் மூக்கை நுழைத்திருந்தன. பரவாயில்லை, நேரமிருக்கிறது என்று ஆற்றை வேடிக்கை பார்த்தேன். நடு ஆற்றில் ஒரு படகைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது. இது கட்டணமில்லாத வழக்கு. முதலில் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடச் சொன்னதே நான்.

மணி பத்து இருபத்தைந்து. ஸ்கூட்டரைப் பாலம் முடிகிற இடத்தில் ஒரு டீக்கடையோரம் போட்டுவிட்டு, முருங்கப்பாக்கம் பக்கமாக ஓடினேன். எவரோ ஒரு புண்ணியவான் பைக்கில் ஏற்றிக்கொண்டார். “ஆஸ்பத்திரிக்கா?” என்றார். “ஆமாம்” என்றேன். (அப்படிச் சொன்னால்தான் வேகமாக ஓட்டுவார்.) அவரும் நான் கத்தக் கத்த நிற்காமல் கோர்ட்டைத் தாண்டிப் பறந்தார். இறங்கித் திரும்பி ஓடிவந்தேன்.

நான் கோர்ட்டுக்குள் நுழைந்தபோது எங்கள் வழக்கை அழைத்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. எதிர்த்தரப்பில் நின்றவர் அந்துவான் சார். இஸ்மாயில் எழுந்து நின்று, நான் இரண்டு வருடமாகச் சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்: “வந்துக்கிட்டே இருக்காரு மேடம்.” நைட் ஷிப்டை முடித்து நேராக வந்திருந்த அஞ்சலை அக்கா கை கட்டி நின்றார்.

“உங்க வக்கீல் எங்கம்மா?” என்று நீதிபதி அவரையே கேட்டுவிட்டார்.

“வந்துருவாரு மேடம். லேட்டாவாத, லேட்டாவாதன்னு எனக்கே பதினாறு தடவ போன் போட்டாரு.”

கோர்ட் மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் நான் வேர்த்து வழிய, கழுத்துப் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். சிரிப்பு இரண்டு மடங்கானது.

அந்துவான் சார் பேசினார். கணீரென்ற குரல். “வர வேண்டிய நேரத்துக்கு வராதவங்களுக்காகச் சட்டம் காத்துக்கிட்டு இருக்காது மேடம்.”

“நீங்க யாரச் சொல்றீங்க? மனுதாரரயா, அவங்க வக்கீலயா?” என்றார் நீதிபதி.

பத்து நாள் படித்தது எல்லாம் பாலத்தில் நின்றுவிட்டது. குறிப்புத் தாளை எடுத்தால், செல்வி எழுதித் தந்த மளிகைச் சாமான் பட்டியல் கையில் வந்தது. தலைக்குள் ஒரே இரைச்சல். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“ரெண்டு பேரயும்தான் மேடம். நான் சொந்த வண்டியில வந்தேன். என்னைக் கேக்க ஆள் கெடையாது. அப்படியும் லேட்டு. பாலத்துல மாட்டிக்கிட்டேன்னு சொன்னா நீங்க மன்னிப்பீங்கன்னு தைரியமா ஓடி வரேன். அவங்க ஷிப்ட விட்டா வேலையே போயிடும் மேடம். எனக்குக் கெடைக்கிற மன்னிப்பு அவங்களுக்கு ஒருதடவ கெடைச்சா போதும்.”

சிரிப்பு நின்றுவிட்டது. நான் பயந்துபோனேன். என்ன தப்பாகச் சொன்னேன் என்று இஸ்மாயிலைப் பார்த்தேன். அவன் என் கோட்டைப் பிடித்து இழுத்து, “உக்காரு, இதுக்கு மேல ஒண்ணும் பேசாத” என்றான்.

தீர்ப்பு ரத்தானது. அஞ்சலை அக்காவின் பக்கத்தையும் கேட்க உத்தரவானது. அந்த வழக்கு பிறகு இரண்டு வருடம் நடந்தது. (வாய்தா ஒவ்வொன்றுக்கும் ஒன்பதரைக்கே போய்க் கதவு திறக்கக் காத்திருந்தேன்.) வீடு அவருக்கும் பிள்ளைகளுக்குமே நின்றது. அன்று வெளியே வந்ததும், அந்துவான் சார் என் தோளைத் தட்டி, “மெர்சி தம்பி. நான் தோத்துட்டேன். எனக்கும் அந்த லிஸ்ட்ல ஒரு எடம் போடச் சொல்லு. எனக்கு இன்னும் அறுபத்தஞ்சு ஆவல” என்றார்.

அன்று நீதிபதி அறையில் எனக்கு ஆரஞ்சு ஜூஸும் இரண்டு பிஸ்கட்டும் கிடைத்தன. அடுத்தடுத்த மாதங்களில் அந்த ஜூஸுக்குப் போட்டியே வந்துவிட்டது. சம்பாதிக்கிற வக்கீல்கள், ‘நேத்து மேடம் ரூம்ல ஜூஸ் சாப்புட்டேன்’ என்று கான்டீனில் சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள். நீதிபதி அம்மாவும் கூட்டத்துக்குக் கூட்டம், “குமரவேல் அன்னைக்கு அழகா சொன்ன மாதிரி” என்று ஆரம்பிப்பார். ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். தன்னடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மூன்று வருடம் கழித்து அவருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பு விழா முடிந்ததும் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாட்சப், ரத்த தானம், ஒப்புதல் படிவம், கட்டில் தேடியது, ஒன்று விடவில்லை. நீதிபதி அம்மா சாமான்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“தெரியும் குமரவேல்.”

“எப்ப தெரிஞ்சுது மேடம்?”

“ஊறிடும்னப்பவே சந்தேகம். நீங்க கைய நீட்டுனதும் உறுதி.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்?”

“எப்படிச் சொல்றது? விஷயம் புரிஞ்சவங்க அறுபது பேரு அந்த ஹால்ல இருந்தாங்க. உபயோகமா ஒரு வார்த்த வரல. பேசுன ஒரே ஆளு புரியாத நீங்கதான். உங்களயும் உக்கார வச்சுட்டா நான் யார வச்சு ஆரம்பிக்கறது?”

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எங்கள் சொந்தபந்தத்தில் எந்தப் பேச்சு நடந்தாலும், நான் தொண்டையைச் செருமினால் போதும். அவள் எல்லோரையும் கையமர்த்திவிட்டு, “இருங்க இருங்க, அவரு பேசப்போறாரு. விஷயம் இன்னும் அவருக்குப் புரியல போல” என்பாள்.

போன மாதம்கூட மச்சினன் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘எடம் நல்லாத்தான் இருக்கு, முடிச்சுடலாமா’ என்றார் மாமனார். நான் குறுக்கிட்டு, அவசரப்பட வேண்டாம், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள், முன்னால் யார் இருந்தார்கள், ஏன் காலி செய்துவிட்டுப் போனார்கள் என்று கேளுங்கள், ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது மச்சினனுக்குப் பார்த்த பெண்ணைப் பற்றி.